வேப்பிலையும் பாஸ்போர்ட்டும்

1899ஆம் வருஷம் ஜூன் 24ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து வந்த ‘கோல்கொண்டா’ என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது, அதில் இருந்த சுவாமி விவேகானந்தரைத் தரிசிக்க ஜனங்கள் கரையில் திரண்டு நின்றார்கள். ஆனால் சுவாமிகள் கரையில் கால் வைக்க முடியவில்லை. கல்கத்தாவில் பிளேக் பரவியிருந்தமையால், அங்கிருந்து வரும் இந்தியப் பிரயாணிகள் இங்கே இறங்கலாகாது என்று விதி இருந்தது. இரண்டு வருஷங்களுக்கு முன் கடற்கரை ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கி நகரத்தையே எழுப்பிவிட்டுப் போனவர் அவர். ஆகவே அனந்தாச்சார்லு தலைமையில் கூட்டம் கூடி, அவருக்கு மட்டுமாவது விலக்கு அளிக்கவேண்டுமென்று கவர்னருக்கு விண்ணப்பம் போயிற்று. பலிக்கவில்லை. அன்பர்கள் படகு அமர்த்திக்கொண்டு கப்பலருகே போய் அண்ணாந்து பார்த்துத் திரும்பினார்கள். சுவாமிகளின் சீடர் அளசிங்கப் பெருமாள் மட்டும் கொழும்புக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு கப்பலிலேயே ஏறிவிட்டார். இறங்கத்தானே தடை, ஏறுவதற்கு இல்லையே!

பிளேக் கண்டவரோடு நீர் பழகினீரா என்ற கேள்விக்கு அந்த விதியில் இடமே இல்லை. புறப்பட்ட ஊரின் பெயரே போதுமான பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கேட்டிருந்தால் பதில் சுவாரஸ்யமாகவே இருந்திருக்கும்: அதே கப்பலில் பிரயாணம் செய்த சகோதரி நிவேதிதை, அவ்வருஷம்தான் கல்கத்தா பாக்பஜார் சந்துகளில் பிளேக் துப்புரவுப் பணியை முன்னின்று நடத்தியவர்.

மனிதர் வாய்ச்சொல்லை நம்புவதில்லை என்று சர்க்கார் தீர்மானித்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், 1898இல் பெங்களூருக்கு வந்து நம் மாகாணத்தின் வாசலில் நின்றது. சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டபிள்யூ. ஜி. கிங், ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற ஏற்பாட்டை இங்கே ஊன்றச் செய்தார். நோய் கண்ட ஊரிலிருந்து ரயிலேறி வருபவர், போய்ச் சேரும் ஊரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துச் சீட்டுப் பெறவேண்டும்; போய்ச் சேர்ந்தபின் பத்து நாள் அதிகாரியின் பார்வையில் இருக்கவேண்டும். பத்து நாளும் காய்ச்சல் இல்லையென்றால் அவர் சுதந்திர மனிதர். புனாவில் வீடு புகுந்து சோதித்த முறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ சாந்தமான வழி என்றே சொல்லவேண்டும். ஆனால் உண்மையான ஊரைச் சொன்னவனே பத்து நாள் கட்டுப்பட்டான், பக்கத்து ஊரைச் சொன்னவன் நேரே வீட்டுக்குப் போனான். நோய் கண்டதென்று தெரிந்தாலோ, வீட்டாரைப் பிரித்துக் கொண்டுபோவார்கள், துணிமணியைக் கொளுத்துவார்கள் என்ற பீதி வேறு. இப்படிப்பட்ட நிலையில் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்பவனைத் தர்மபுத்திரன் என்றுதான் கொள்ளவேண்டும்.

இந்த ஜனங்கள் இயல்பாகவே நோயை மறைப்பவர்கள் என்று அக்கால அதிகாரிகள் நினைத்திருந்தால், மயிலாப்பூர்த் தெருக்களை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஒரு வீட்டில் அம்மை போட்டுவிட்டால் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அதைக் கண்டவர் படி ஏறமாட்டார். “உள்ளே வராதேடி, குழந்தைக்கு அம்மா வந்திருக்கா” என்று திண்ணையிலிருந்தே பாட்டி குரல் கொடுப்பாள். அந்த வீட்டில் தாளிதம் இராது, க்ஷவரம் இராது, விருந்தினர் இருக்கமாட்டார்கள், வீட்டார் பிரயாணமும் போகமாட்டார்கள். தலைக்கு மூன்றாம் தண்ணீர் விட்டபின், முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில், ஓலைக் கூரையின் கீழ் வீற்றிருக்கும் அந்த அன்னைக்கு நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டே வெளி வாழ்க்கை தொடங்கும். நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கருதியமையால் வைத்தியம் தாமதப்பட்டதுண்டு, குழந்தைகள் மாண்டதுமுண்டு, அதை மறைப்பானேன்? ஆனாலும் அம்மை கண்டதைத் தெருவுக்கு அறிவிப்பதில் அவமானம் இல்லை, அறிவித்ததற்குத் தண்டனையும் இல்லை.

அதே குடும்பத்துப் பிள்ளை மலாயாவில் உத்தியோகம் கிடைத்துக் கப்பலேறும்போது கதை மாறிவிடும். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். ஏறுமுன் சோதிக்கும் டாக்டர் பார்க்கக்கூடியது கையிலுள்ள அம்மை குத்திய தழும்பையும், உடம்பிலுள்ள காய்ச்சலையுந்தான். பெரியம்மையோ தொற்றியபின் சுமார் பன்னிரண்டு நாள் உடம்பில் ஒளிந்திருக்கும். அதற்குள் கப்பல் கரை சேர்ந்துவிடும். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்ததா என்பது அவனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்; சொன்னால் டிக்கெட்டும் வேலையும் போகும். வழியில் ஒருவனுக்குக் கொப்புளம் கண்டுவிட்டால், பினாங்கையடுத்த ஜெரெஜாக் தீவிலோ, 1874 முதல் தனிமை முகாமாக இருந்த சிங்கப்பூரின் செயிண்ட் ஜான்ஸ் தீவிலோ காவலிருக்கவேண்டியவர்கள் பெரும்பாலும் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த ஏழைகளே. ஒருவன் விழுங்கிய ஒரு வார்த்தைக்காக அத்தனை பேரும் வேலியினுள் நாளெண்ண நேர்ந்தது.

வாய்மொழியை விட்டு ஊசியை நம்புவது என்ற முடிவுக்கு உலகம் வந்தது பின்னால். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 1951ஆம் வருஷத்து விதிகளின்படி, மூன்று வருஷம் செல்லுபடியாகும் அம்மைகுத்தல் சான்றிதழ் பிரயாணிகளுக்கு அவசியமாயிற்று. கிண்டியில் 1899இல் அம்மைப்பால் நிலையமாகத் தோன்றி, அதே கிங்கின் பெயரைத் தாங்கும் ஸ்தாபனத்தின் தயவில்தான் நம்மவர் பலருக்கு அத்தழும்பு கிடைத்தது. 1975க்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை. அடையாற்றிலிருந்து ஆப்பிரிக்கா செல்பவர்கள் இன்றும் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காகக் கிண்டிக்குப் போகிறார்கள்.

ஊசி இல்லாத புது நோய் வந்தால் பழைய கேள்விதான் திரும்புகிறது. 2020இல் சென்னையில் கொரோனா கண்ட வீடுகளின் வாசலில் மாநகராட்சி அறிவிப்புத் தாள் ஒட்டியது. சில இடங்களில் வாசலையே தகரத்தால் அடைத்தது. வேப்பிலையை வீட்டாரே செருகினார்கள், தகரத்தைப் பிறர் வந்து அடித்தார்கள். எதிர்வீட்டுத் தகரத்தை ஜன்னல் வழியே பார்த்தவர், மறுநாள் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண்ணிடம், “எங்காத்துல எல்லாரும் சௌக்கியம்மா” என்று சொல்லியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தகரம் பிறகு கைவிடப்பட்டது. உல்லாசக் கப்பலில் ஏறுவோரிடம் இப்போது நீட்டப்படும் சுகாதாரப் படிவத்தில், நோயாளியோடு பழகினீரா என்ற வரிக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன; ‘ஆம்’ என்று குறிப்பவருக்குக் கட்டிய பணம் திரும்புமா என்பதை, ஏறுமுன் கம்பெனிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.