பூனையும் தெள்ளுப்பூச்சியும்

தோட்டப்புறங்களில் எலிக்குப் பூனைதான் காவல். யாருக்கும் சொந்தமில்லாமல் லயத்தைச் சுற்றும் பூனைக்கும் ஒருவாய்ச் சோறு வைப்பது நம் வழக்கம். அதன் உடம்பில் ஏறிவரும் தெள்ளுப்பூச்சியைத்தான் நாம் கவனிப்பதில்லை.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து டாக்டர்கள் பிளெட்சரும் லெஸ்லரும், மலாயாவின் டைபஸ் காய்ச்சல் இருவகை என்று கண்டனர். ஒன்று லாலான் புல்லிலும் புதரிலும் வேலை செய்வோரைப் பிடித்தது. மற்றொன்று நகரத்துக் கடைவீடுகளில் வாழ்வோரை வாட்டியது. முதலாவதைப் பரப்புவது சிற்றுண்ணி, இரண்டாவதைப் பரப்புவது எலித்தெள்ளு என்பது பின்னர் தெளிவாயிற்று. தெள்ளின் எச்சத்திலுள்ள நுண்கிருமி, சொறிந்த புண்வழியே உடலில் நுழைகிறது.

மலேசியப் பூனை, நாய்களின் தெள்ளுகளிலும் காய்ச்சல் தரும் கிருமிகள் இருப்பதை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அவற்றுள் ஒன்று பூனை நகக்கீறல் வழியாகவும் தொற்றும்.

பூனையை விரட்டினால் எலி பெருகும். பூனை இருக்கட்டும், தெள்ளை ஒழிப்போம். பிள்ளைகளுக்குக் கீறல் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுவோம். காய்ச்சல் கண்டால், வீட்டில் பூனையும் எலியும் உண்டென்று மருத்துவரிடம் மறவாமல் சொல்வோம்.