இருப்புப்பாதையும் தேயிலை இயந்திரமும்: கண்டிச் சீமையில் ஒரு சமூகத்தின் உருவாக்கம்

கொழும்பிலிருந்து வரும் இருப்புப்பாதை பேராதனைச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கண்டி நகரை அடைந்து, அங்கிருந்து மாத்தளைக்குச் செல்கின்றது. மற்றைய கிளை கம்பளை, நாவலப்பிட்டி, அற்றன் ஆகிய ஊர்களினூடாகப் பதுளை வரை ஏறுகின்றது. பேராதனையிற் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் நாள்தோறும் காணும் இப்பாதைகள் எதனை நாடி இடப்பட்டன என்று வினவுவோமாயின், மத்திய மலைநாட்டின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு நம் முன் விரியும்.

தொழினுட்பம் சமூகத்தை மாற்றியமைக்கின்றது என்பது பலராலும் கூறப்படும் பொதுக்கருத்து. ஆயின் எந்தக் கருவி, எம்மக்களை, எவ்வாறு மாற்றியது என்பதை ஆராய்ந்தாலன்றி அக்கருத்துப் பொருளுடையதாகாது. அம்மாற்றத்தை அரசின் கொள்கை எந்த அளவிற்கு ஏற்றது, எந்த அளவிற்கு ஏற்க மறுத்தது என்பதும் உடன் வைத்து நோக்கப்பட வேண்டியதாகும். கண்டிச் சீமையை நிலைக்களனாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெருவும் கோப்பியும்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. மலையும் காடும் அரணாக நின்ற நாட்டை ஆள்வதற்குத் தெரு இன்றியமையாததாயிற்று. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த எட்வேட் பாண்ஸ் கொழும்பு – கண்டித் தெருவை அமைப்பதில் முனைந்து நின்றார். தெருவமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் உள்ளது. ஆயின் அத்தெருவுக்குக் கல்லுடைத்தவரும் மண்சுமந்தவரும் இராசகாரிய முறையின்கீழ்க் கட்டாய ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட சிங்களக் கிராமத்தவராவர். மலைநாட்டிற் புதிய தொழினுட்பத்தின் முதற் சுமையைத் தாங்கியவர்கள் அவர்களே என்பதை மறத்தலாகாது.

இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. எனினும் 1848இல் இயற்றப்பட்ட தெருக் கட்டளைச்சட்டம், வளர்ந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டிற்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. தெரு வெறும் போக்குவரத்துச் சாதனமன்று, அது வரியும் சட்டமும் கலகமும் ஆயிற்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

தெருவைத் தொடர்ந்து கோப்பி வந்தது. 1820களிற் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்டும், பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவவில் தேசாதிபதி பாண்சும் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டத்தின் துணையுடன் காடுகள் தோட்டங்களாயின. கிராமத்து உழவர் தம் வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பிற்றிலர். ஆகவே தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வருவிக்கப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை அவர்கள் கால்நடையாக வந்தனர். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் வழியிலேயே பலியானோர் பலர்.

இங்கு ஒன்று நுணுகி நோக்கத்தக்கது. கோப்பிக்கு மிகுதியான ஆட்கள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களிலேயே. அறுவடை முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். வந்தோரிற் பெரும்பகுதியினர் ஆண்கள். இவர்களை வந்துபோகும் கூலிகள் என அரசாங்கம் கருதியது அக்காலத்து நிலைமைக்கு ஓரளவு பொருந்துவதே. பின்னர் நிலைமை அடியோடு மாறியது. கருத்து மட்டும் மாறவில்லை.

புகையிரதத்தின் வருகை

கோப்பியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொழும்பிற் சேர்ப்பது காலமும் பொருளும் மிக விழுங்கிய வேலை. 1854இற் கண்டியிலே தோற்றுவிக்கப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம் புகையிரதப் பாதை வேண்டுமென வற்புறுத்தியது. 1858இல் தேசாதிபதி ஹென்றி வோட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்த வேலை, தனியார் கம்பனியின் கையிலிருந்து அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறிய பின்னர், 1867இற் கண்டியை அடைந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயரும் பாதையை மலைச்சரிவிற் செதுக்கியமை அக்காலப் பொறியியலின் பெருஞ்சாதனை.

1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1884இல் அற்றன், 1885இல் நானுஓயா எனப் பாதை நீண்டது. இவ்வூர்களின் வரிசையே அரசின் கொள்கையைத் தெளிவாக உணர்த்தும். சனத்தொகை மிகுந்த இடங்களை நாடியன்று, தோட்டங்கள் மிகுந்த மலைகளை நாடியே பாதை சென்றது. செலவின் பெரும்பகுதி கோப்பி ஏற்றுமதித் தீர்வையினின்று பெறப்பட்டது. பயிரினாற் கிடைத்த வருவாய் பாதையாயிற்று. பாதை மேலும் பயிரை வளர்த்தது.

தேயிலையும் இயந்திரமும்

புகையிரதம் கண்டியை அடைந்த 1867ஆம் ஆண்டிலேயே ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் அவரது பங்களா விறாந்தையே தொழிற்சாலை. கொழுந்து மேசைமீது கையாலே உருட்டப்பட்டது. 1872இல் அவர் தேயிலை உருட்டும் இயந்திரமொன்றை அமைத்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையில், 1869இல் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை ஒவ்வொன்றாக அழித்து வந்தது. 1880களிற் கோப்பி வீழ்ந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1900ஆம் ஆண்டளவில் தேயிலை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் ஏக்கரிற் பரவியிருந்தது.

ஒரு பயிர் போய் மறுபயிர் வந்தது என்ற அளவில் இம்மாற்றத்தை நிறுத்திவிடலாகாது. தேயிலைச் செடியில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும், கொழுந்து பறித்தல் வேண்டும். பறித்த கொழுந்து நெடுநேரம் காத்திராது. அதனை உடனே வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்திச் சலித்தல் வேண்டும். ஆதலால் தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே எழுந்தது. தொழிலாளர் ‘ஸ்டோர்’ என வழங்கிய அக்கட்டடத்தினுள் நீர்ச்சக்தியாலும் நீராவியாலும் இயங்கிய உருளைகளும் உலர்த்திகளும் நாள்தோறும் கொழுந்தை வேண்டி நின்றன. அவ்வாறு இடையறாது ஓடும் இயந்திரத்திற்குப் பருவந்தோறும் வந்து திரும்பும் தொழிலாளர் போதார். தோட்டத்திலேயே தங்கி, விடியலிற் பிரட்டுக்கு வரக்கூடிய நிலையான குடும்பங்கள் தேவைப்பட்டன. கொழுந்தெடுக்கும் வேலை பெண்களின் கைக்கு வந்தமையால் பெண்களும் பிள்ளைகளும் லயங்களிற் குடியேறினர்.

சுருங்கக்கூறின், கோப்பி வழிப்போக்கரை வேண்டியது. தேயிலை குடிகளை வேண்டியது. மலையகத் தமிழ்ச் சமூகம் ஒரு சமூகமாக உருப்பெற்றது இவ்விரண்டாங் கட்டத்திலேயாகும். லயத்தருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. காமன்கூத்தும் அருச்சுனன் தபசும் ஆண்டுதோறும் நிகழ்ந்தன. மலைகளுக்கும் பிரிவுகளுக்கும் தமிழ்ப்பெயர்கள் வழங்கலாயின. இங்கு பிறந்து இங்கேயே இறந்த தலைமுறைகள் தோன்றின.

கடல் கடந்த வழியும் இதற்கேற்ப மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோய்த் தடுப்பின் பொருட்டு வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலிற் கொழும்புக்கு வந்தோர் அங்கிருந்து புகையிரதத்தில் மலையேறினர். 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற்சேவையும் தொடங்கின. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்றைத் தொழிலாளி கையிற் கொடுத்து, உரிய தோட்டத்திற் சேர்ப்பிக்கும் முறையும் வழக்கிலிருந்தது. பொதியை அனுப்புவதுபோல் மனிதரையும் அனுப்பும் ஒழுங்கு அது.

சட்டங்கள் கண்டதும் காணாததும்

நிலைகொண்ட தொழிலாளர் தொகை ஒன்று உருவாகியதை அரசாங்கம் அறியாதிருந்தது எனக் கூறுதல் இயலாது. தோட்ட மருத்துவ வசதி பற்றி 1872இலும், தோட்டச் சிறுவர் கல்வி பற்றி 1907இலும் கட்டளைச்சட்டங்கள் இயற்றப்பட்டன. தொழிலாளியைக் கடனாற் பிணித்த துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வகுக்கப்பட்டது. இவையனைத்தும் தொழிலாளரை உழைப்பாகக் கண்ட சட்டங்களாகும். அவர்களைக் குடிமக்களாகக் காணுதல் வேறொரு வினா.

அவ்வினாவை எழுப்புதற்கும் ஒரு கருவி துணைநின்றது. அது அச்சு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் ‘தேசபக்தன்’ இதழை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். அவரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் பாட்டுக்களை அச்சிட்டுத் தொழிலாளரிடையே பரப்பினர். எழுத்தறியாதோரும் பாடக்கேட்டு மனத்திற்கொள்ளக்கூடிய வடிவம் அது. தோட்டந்தோறும் பிரிந்து கிடந்தோர் தம்மை ஒரே மக்களாக உணர்வதற்கு அச்சும் கூட்டமேடையும் பெரிதும் உதவின எனலாம்.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, இந்தியத் தமிழர் நிலையாகக் குடியேறியவர்களா என்பதே பெரும் பூசலுக்குரிய வினாவாயிற்று. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அவர்தம் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையின் பிறப்பையோ, தந்தைவழிப் பாட்டன், பூட்டன் ஆகிய இருவரின் பிறப்பையோ இந்நாட்டிற்குரியதாக நிறுவவேண்டியவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் இடையறாத வதிவைச் சான்றுகாட்டி விண்ணப்பிக்குமாறு பணித்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இதிலுள்ள முரண்பாடு எண்ணத்தக்கது. தோட்டக் காரியாலயத்தின் செக்றோல் ஏட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வொரு நாள் வேலையும் பதியப்பட்டது. பறித்த கொழுந்தின் நிறையும் எழுதப்பட்டது. கணக்குவைக்கும் கலை அவ்வளவு செம்மையாக இயங்கிய இடத்தில், அம்மனிதர் அங்கு வாழ்ந்தமைக்குச் சான்று இல்லை எனச் சொல்லப்பட்டது. கருவியிற் குறைபாடில்லை, எதனைக் கணக்கிற் கொள்வது என்ற கொள்கையிலேயே குறைபாடு இருந்தது.

இது தமிழர் – சிங்களவர் என்ற எல்லைக்குள் மட்டும் அடங்கும் குறையன்று. 1951இல் வெளியான கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை, தோட்டங்களுக்கிடையே நெருங்கிக் கிடந்த சிங்களக் கிராமங்களின் காணியின்மையையும் வறுமையையும் எடுத்துரைத்தது. தெருவும் புகையிரதமும் அக்கிராமங்களைக் கடந்து சென்றன. அவற்றின் பொருட்டுச் சென்றன அல்ல. ஒரே தொழினுட்பத்தால் இருவேறு வகையில் இழப்புற்ற இரு மக்கட்கூட்டத்தார் ஒருவரையொருவர் போட்டியாளராக நோக்கும்படி அரசியல் செய்தது.

வந்த வழியும் சென்ற வழியும்

1964 ஒற்றோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதெனவும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதெனவும் வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பிரயாணப் பத்திரங்கள் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயத்தில் வழங்கப்பட்டன. மூதாதையரை ஏற்றிவந்த அதே தலைமன்னார்ப் பாதை பேரப்பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. அவர்களுட் பலர் இந்தியாவை முன்னர் கண்டவரல்லர்.

1984இல் உள்நாட்டுப் போரின் காரணமாகத் தலைமன்னார் – இராமேசுவரக் கப்பற்சேவை நின்றது. இந்தியப் பத்திரம் பெற்றும் போக வழியற்றோர் தோட்டங்களிலேயே தங்கினர். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்கும் இலங்கைப் பிரசாவுரிமை வழங்கியது. தேயிலை இயந்திரம் நிலைகொள்ளச் செய்த மக்களைச் சட்டம் முழுமையாக ஏற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

ஹந்தானை மலைச்சரிவிலுள்ள பழைய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கு செல்வோர் உருளைகளையும் உலர்த்திகளையும் வியந்து நோக்குவர். வியப்புத் தகுவதே. ஆயினும் வரலாறு பயில்வோர் அவற்றின்முன் மற்றொன்றையும் வினவுதல் வேண்டும்: இவ்வியந்திரம் எவரை இங்கு இருத்தியது? இருத்தப்பட்டவர்க்கு நாடு எதனை வழங்கியது? பிரசாவுரிமை கிடைத்த பின்னரும் தமக்கென ஒரு துண்டுக் காணியும், தம் பெயருக்கு ஒரு முகவரியும் இன்றி லயங்களில் வாழ்வோர் பலர் உள்ளனர். புதிய கருவியொன்று நாட்டிற்குள் வரும்போதெல்லாம் அதனால் வரும் வருவாயைக் கணக்கிடுவோர் உளர். அதனோடு வாழப்போகும் மனிதரையும் அன்றே கணக்கிற் கொள்ளல் வேண்டும் என்பதே கண்டிச் சீமையின் வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.