நிலவறையும் நீரும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தின் மேல் எழும் சுவருக்கு மழை ஒன்றே பகை. நிலத்தின் கீழ் அமையும் அறைக்கோ சூழ்ந்துள்ள மண்ணின் நீர் முழுவதும் பகையாகும். சுவரின் வெளிப்புறத்தே ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் தேங்கின், அதன் அடிப்பகுதியில் சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு தொன் அழுத்தம் உண்டாகும். ஆகவே, நிலவறையை ஈரத்தினின்று காத்தல் என்பது பூச்சுப் பொருளைத் தெரிவதோடு அமைவதன்று. நீர் செல்லும் நெறியை அறிதலும் அதன்பாற் படும். இவ்வுண்மையை ஆராய்தற்குத் திருகோணமலை தக்கதொரு களமாகும்.

இந்நகரின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்திலேயே பெய்கின்றது. கடற்காற்று உப்பைச் சுமந்துவந்து சுவர்களிற் படியவிடுகின்றது. இத்தகைய சூழலில் மக்கள் தம் வீடுகளுக்கு நிலவறை தோண்டுவதை விடுத்து, அடித்தளத்தை உயர்த்தித் திண்ணை அமைத்தமை அனுபவ அறிவின் விளைவேயாகும். எனினும், ஈரம் புகாத அறை இன்றியமையாததாக இருந்த இடமொன்று இந்நகரில் உண்டு. அது கோட்டையாகும்.

கோணேசர் ஆலயத்தை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களையும் கொண்டு 1624 அளவில் இங்குக் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்குமாக இருமுறை கைமாறியது. 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் 1803இல் கோட்டைக்குப் பிரெட்றிக் எனப் பெயரிட்டனர். இப்போர்கள் யாவற்றுக்கும் ஆதாரமாயிருந்தது வெடிமருந்து. அதில் நான்கில் மூன்று பங்களவு அமைந்த வெடியுப்பு ஈரம் பட்டாற் கெடும். ஆதலின் அக்கால ஐரோப்பியப் பொறியியலாளர் வெடிமருந்துக் களஞ்சியங்களுக்குத் தடித்த வளைகூரை அமைத்தனர். மரத்தளத்தைத் தரையினின்று உயர்த்தினர். தீப்பொறி நேரே புகாதவாறு வளைந்து செல்லும் காற்றுத் துளைகளையும் விட்டனர். அவர்கள் சுவரை மட்டும் நம்பினாரல்லர். காற்றையும் நம்பினர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வறிவு பழமையானது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியோர் செங்கற்களை ஜிப்சச் சாந்தால் இணைத்து, அவற்றின் பின்னே நிலக்கீற் படையொன்றை இட்டனர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் உரோமானியரான விற்றுறூவியஸ், ஈரச் சுவருக்கு ஓட்டுத்தூள் கலந்த சாந்தைப் பரிந்துரைத்தார். ஈரம் மிகுந்தவிடத்து உட்புறத்தே மெல்லிய சுவரொன்றை இடைவெளி விட்டு எழுப்பி, அவ்விடைவெளியின் அடியில் வாய்க்காலும் காற்று வழிகளும் அமைக்கவேண்டும் என்றும் அவர் வகுத்தார்.

இலங்கைக் கரையோரங்களிற் சுண்ணாம்பு முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டுப் பெறப்பட்டது. வெறுஞ்சுண்ணாம்பு காற்றுப் பட்டே இறுகும், நீருள் இறுகாது. செங்கற்றூள் சேர்ந்தவிடத்து நீரிலும் இறுகும் இயல்பு அதற்கு வாய்த்தது. தென்னாட்டுக் கொத்தர்கள் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அதன் தன்மையை மேலும் உயர்த்தினர். 1756இல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கப் பணியை மேற்கொண்ட ஜோன் சிமீற்றன், களிமண் கலந்த சுண்ணக்கல்லே நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தரும் எனச் சோதனை வாயிலாகக் கண்டார். இவ்வழியில் வளர்ந்த முயற்சிகளின் பின், 1824இல் யோசேப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இலங்கையில் 1950இல் காங்கேசன்துறை ஆலை சீமெந்து உற்பத்தியைத் தொடங்கியது. 1982இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையிலேயே தன் ஆலையை அமைத்தது. முருகைக்கல் அகழ்தலும் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தாற் கரையோர வலயத்திற் தடைசெய்யப்பட்டது. கரையைக் காக்கும் பாறைகளைக் காத்தற்கு இத்தடை வேண்டியதே. ஆயின், சுண்ணாம்போடு அதனைக் கையாளும் தொழிலறிவும் தேய்ந்தமை பேரிழப்பாகும். சுண்ணாம்புச் சுவர் தான் பருகிய ஈரத்தை மெல்ல வெளிவிடும். அதன்மேற் சீமெந்து பூசின் ஈரம் உள்ளே சிறைப்பட்டு மேலேறும். உப்புப் படிகமாகிக் கல்லையும் செங்கல்லையும் உதிர்க்கும். காக்கும் நோக்கோடு இட்ட பூச்சே பழஞ்சுவருக்குக் கேடாய் முடிவதுண்டு.

ஆகவே, பொருளைத் தெரியுமுன் சுவரைத் தெரிதல் வேண்டும். புதிய கொங்கிறீற்று நிலவறைக்கு முதற்கண் சரளைக்கல்லும் வடிகுழாயும் இட்டு நீரை அகற்றுதல் தகும். அடுத்து வெளிப்புறத்தே நிலக்கீற் படை இடல் வேண்டும். உட்பூச்சு இறுதித் துணையே. வெளிப்படையை நீர் சுவரோடு சேர்த்து அழுத்தும். உட்பூச்சையோ சுவரினின்று பெயர்த்துத் தள்ளும். கம்பியிட்ட கொங்கிறீற்றில் உப்பு புகின் இரும்பு துருவேறும் என்பதும் துறைமுக நகரொன்றில் மறக்கற்பாலதன்று. பழைய சுவருக்கோ சுண்ணாம்புச் சாந்தும் வடிகாலும் காற்றோட்டமுமே பொருந்துவன.

உரோமானியன் வகுத்த இடைவெளியும், களஞ்சியத்தின் வளைந்த துளையும், திருகோணமலை வீட்டின் உயர்ந்த திண்ணையும் உணர்த்துவது ஒன்றே: நீரை எதிர்த்து நிற்குமுன் அதற்கு வழிவிடல் வேண்டும். இவ்வறிவை இழந்தபின் எத்துணை வலிய சீமெந்தும் அதனை ஈடுசெய்ய மாட்டாது.