மண்வெட்டி பிடித்த மாணவர்கள்

இங்கு பல்கலைக்கழகத்தில் அபிவிருத்திக் கல்வி படிக்கிறேன். ‘உதவி எங்கே தொடங்குகிறது?’ என்று வகுப்பிலே கேட்டார்கள். ‘நிதியில்’ என்றார்கள் பலர். எனக்கு எங்கட நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது.

1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ கிராமத்துக்குக் கூட்டிப்போனார். சாதியால் ஒதுக்கப்பட்ட சனத்தோடு தங்கி, கிணறு வெட்டினார்கள். அதுவே சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்தது. நெதர்லாந்தின் நோவிப் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் காசு பிறகுதான் வந்தது. காசு பெருகப் பெருக, கொடுத்தவர்கள் இலக்கு, கணக்கு என்று இறுக்கினார்கள். 1990களில் உறவு கசந்து உதவி குறைந்தது. ஆனாலும் இயக்கம் நிலைத்தது. காசு வருமுன்னரே சனம் அதைத் தமதாக்கியிருந்தது.

ஊருக்கு உதவ விரும்பும் இளையோரே, பணம் அனுப்பமுதல் அந்தச் சனத்திட்ட ஒரு சொல் கேட்போம்: ‘உங்களுக்கு என்ன வேணும்?’