மரப்பாச்சிக்கு முகம் எழுதியவர்கள்

மரப்பாச்சிப் பொம்மையின் கதையைச் செம்மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலத்தைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளில் தானாக வளரும் மரம் அது. மெதுவாக வளரும்; வைரம் பாய்ந்தபின் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனக்கும். பட்டையையும் வெளிர்ப்பகுதியையும் சீவித் தள்ளினால் உள்ளே அடர்ந்த சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் காரணம் சான்டலின் என்ற நிறமி. அது சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வாயில் வைத்துச் சப்பியும் பழைய மரப்பாச்சி வெளுக்காமல் இருப்பது அதனால்தான். சப்பச் சப்ப மருந்து உள்ளே இறங்கும் என்பது பாட்டிகளின் கட்சி. கரையாத நிறம் எப்படி இறங்கும் என்று வேதியியல் வாத்தியார் கேட்கலாம். கல்லில் உரைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போட்ட வீடுகள் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை.

ஆண் ஒன்று, பெண் ஒன்று. ராஜா ராணி என்பார்கள். மகளுக்குக் கல்யாணமானதும் அவள் வைக்கும் முதல் கொலுவுக்காகத் தாய்வீட்டிலிருந்து போகும் சோடி. செதுக்கியவர் கண்ணுக்கு ஒரு குழி, மூக்குக்கு ஒரு மேடு, உதட்டுக்கு ஒரு கீறல் வைத்ததோடு நிறுத்திக்கொள்வார். வர்ணம் பூசுவதில்லை. மீதி வேலை வீட்டுக்காரியுடையது. நவராத்திரிக்கு முன்னால் பரணிலிருந்து இறக்கித் துடைத்து எண்ணெய் தடவுவாள். பழைய பட்டுப்புடவையில் கிழித்த துண்டு, ஜரிகை, பாசிமணி. கண்மை வைத்து விழியை எழுதுவாள். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் சந்தனம். விஜயதசமி இரவு படுக்க வைத்தாகிவிட்டால் அடுத்த நாள் உடையைக் களைந்து முகத்தைத் துடைத்து மறுபடி பரண். அடுத்த வருஷம் எழுதுகிற கை வேறாக இருக்கலாம், விழி கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், ராணி அலமேலு ஆகலாம். மரத்தோடு பிறந்த நிறம் போகாது. வீடு கொடுத்த நிறம் பத்து நாளில் போய்விடும். அந்தப் பொம்மை மூன்று தலைமுறை ஓடியதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம் என்பது என் கட்சி.

அந்த மரம் இன்று சுலபத்தில் கிடைக்காது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. காட்டில் வெட்டுவது குற்றம். ஆனாலும் வெட்டப்படுகிறது. வெட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளின் கூலிக்காரர்கள். வாங்குகிறவர்கள் கடல் கடந்தவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் செத்த 20 பேரும் தமிழ்நாட்டு மலைக்கிராமங்களையும் அவற்றின் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். கொலுப்படிக்குச் சாணளவு பொம்மை செய்ய எந்தக் காடும் அழிந்ததில்லை. என்றாலும் சட்டத்துக்குச் சாண் என்றும் டன் என்றும் பேதமில்லை. இப்போது கடையில் மரப்பாச்சி என்று விற்பதில் பெரும்பங்கு வேறு மரம். வெளிறிய மரத்துக்குச் சிவப்பும் பழுப்பும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அங்கேதான் பூச்சு என்ற விவகாரமே ஆரம்பமாகிறது.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது சின்னசேலம். பக்கத்துக் கள்ளக்குறிச்சியையும் திருக்கோவிலூரையும் சேர்த்து இந்த வட்டாரத்தின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே பட்டறைகளின் பிழைப்பு சாமி சிலைகளிலும் கதவு நிலைகளிலும் வாகனங்களிலும் இருக்கிறது. மரப்பாச்சி இவர்களின் முதன்மைச் சரக்கு அல்ல. ஆனால் வாகையிலும் வேம்பிலும் உளி ஓட்டுகிற கைக்குச் சாணளவு ராஜா ராணி ஒரு பொருட்டும் அல்ல. உளியும் கொட்டாப்புளியும் ஓய்ந்து உப்புத்தாள் தேய்த்து முடிந்தபின் பொம்மை ஒரு நாற்சந்தியில் நிற்கிறது. வெறும் எண்ணெயா, ஸ்பிரிட் பாலிஷா, எனாமலா, பி.யூ. எனப்படும் பாலியூரித்தேனா? அதன் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது.

எண்ணெய் பழைய வழி. மரத்துக்குள் போகும், மேலே படலமாக நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும் என்ற தொல்லை உண்டு. திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாளின் மூலவர் திருமேனி மரத்தால் ஆனது என்பது மரபு. மரத்திலும் சுதையிலும் ஆன மூலவர்களுக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்பு சார்த்துவார்கள். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வந்து 2019-இல் 48 நாள் தரிசனம் தந்த காஞ்சி அத்திவரதரை வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு, மரத்துக்கு எவ்வளவு பொறுமை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பிரிட் பாலிஷ் என்பது அரக்கு. குசும், பலாசு மரக்கிளைகளில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பது. நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு ஜார்கண்டிலிருந்து வருகிறது. தகடுகளாக வாங்கி ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சைத் துணியில் சுற்றி உருட்டி, நனைத்து நனைத்துத் தேய்ப்பார்கள். ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விட அரக்கு மட்டும் படிந்து நிற்கும். இதில் ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை என்பதுதான் விசேஷம். நாற்பது வருஷம் கழித்து அதே ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தால் அரக்கு பெரும்பாலும் கரைந்து வந்துவிடும். கீறல் விழுந்த இடத்தில் புதுப் பூச்சு போட்டால் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் பளபளப்புக்காகப் பூசுவதும் இதே அரக்குதான். குழந்தை வாய்க்குப் பயப்படாத பூச்சு வேண்டுமென்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். சூடான டம்ளரை மேலே வைத்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பது குறை. ஆனால் மரப்பாச்சி தலையில் யார் காப்பி டம்ளர் வைக்கப் போகிறார்கள்?

எனாமல் வேறு சாதி. டப்பாவிலிருந்து எடுக்கும்போது திரவம். பூசியபின் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே கட்டிப்போட்டுக்கொள்ளும். காய்ந்ததைத் திரும்பத் திரவமாக்க முடியாது. கண், உதடு, நகை, கரை எல்லாம் பளிச்சென்று நிற்கும். பி.யூ. இன்னும் ஒரு படி மேலே. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பூச்சு அது. கலந்த சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும்; இறுகியபின் தின்னருக்கும் அசையாது. சமையலறைக் கதவுக்கு இதைவிட நல்ல பூச்சு கிடையாது. பொம்மைக்கு?

நிரந்தரப் பூச்சு நிரந்தரமாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். மேலே இறுகிய படலம் கூடவே போகமாட்டாமல் வெடிக்கும். வெடித்ததை மறைக்க இன்னொரு பூச்சு, சில வருஷத்தில் அதன்மேல் மற்றொன்று. ஒவ்வொன்றும் மயிரிழை கனம்தான். ஆனால் உளி வைத்த இமைக்கோடும் மயிரிழைதான். ஐந்தாறு பூச்சுக்குப் பிறகு இமை மூடிப்போகும், உதட்டு முனை மழுங்கும், மூக்கு உருண்டையாகும். பழைய கோயில் வாகனங்களில், தேர்ச் சிற்பங்களில் இந்த மழுங்கிய முகங்களை யாரும் பார்க்கலாம். செதுக்கியவரின் கை பெயின்டர் கைக்குக் கீழே புதைந்து கிடக்கும். சரி, சுரண்டி எடுத்துவிடலாம் என்று உப்புத்தாளை எடுத்தால் வர்ணத்தோடு மூக்கும் சேர்ந்து போகும்.

மூட்டுள்ள பொம்மையில் இது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். கும்பகோணம், மயிலாடுதுறை, சேலம் பக்கத்துப் பொம்மலாட்டப் பொம்மைகள் சில நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ கனமும் உள்ளவை. ஆட்டுகிறவர் தலையில் மாட்டிய இரும்பு வளையத்திலிருந்து கயிறு இறங்க, கைகளைக் கம்பியால் அசைப்பார். முழங்கையும் தோளும் ஒவ்வொரு காட்சியிலும் உரசும் இடங்கள்; அங்கே கெட்டியாகப் பூசினால் முதலில் மூட்டு ஒட்டிக்கொள்ளும், பிறகு சில்லு சில்லாக உதிரும். மூட்டுகளைத் துணிக்கும் ஜரிகைக்கும் விட்டுவிட்டு முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும் வர்ணம் தீட்டுவது அதனால்தான். தஞ்சாவூர்த் தலையாட்டியும் அப்படித்தான். ஆடை பளபளவென்று இருக்கும்போதே கழுத்து விளிம்பில் வர்ணம் போயிருக்கும்.

ஜப்பானியர்கள் தங்கள் புன்ராக்குப் பொம்மலாட்டத்துக்கு இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். மரத்தலையின்மேல் சிப்பிச் சுண்ணப்பொடியை விலங்குப் பசையில் குழைத்துப் பூசுகிறார்கள். நீரால் கழுவி எடுத்துவிடக்கூடிய பூச்சு. நாடகத்துக்கு நாடகம் அதே தலை வேறு நிறத்தில், வேறு புருவத்தில், வேறு தலைமயிரோடு மேடையேறும். வர்ணம் போகக்கூடியதாக இருப்பதால்தான் தலை பல காலம் உழைக்கிறது. நம் பக்கத்தில் பூரி ஜகந்நாதரைச் சொல்ல வேண்டும். ஸ்நான பூர்ணிமாவில் நீராட்டியபின் பதினைந்து நாள் கதவு அடைத்துவிடுவார்கள். வெளியே வரும்போது புது வர்ணம். வேம்பில் செய்த உடலையே மாற்றும் நவகளேபரம் 1996-இலும் பிறகு 2015-இலும் நடந்தது. வர்ணத்துக்கு ஒரு வருஷம், மரத்துக்குப் பல ஆண்டுகள் என்று ஆயுளைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிற ஏற்பாடு அது.

1999-இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் பந்து மூட்டு வைத்த பொம்மைகளைப் பெரியவர்களுக்கென்று சந்தைக்குக் கொண்டுவந்தது. மரம் இல்லை, பாலியூரித்தேன் வார்ப்பு. சேகரிப்பவர்களில் பலர் முகம் எழுதாத வெற்றுத் தலையாகவே வாங்குகிறார்கள். முதலில் மேட் ஸ்பிரே ஒரு சுற்று, அதன்மேல் வண்ணச் சுண்ணப்பொடியும் அக்ரிலிக்கும் கொண்டு கன்னம், உதடு, புருவம், மறுபடி ஸ்பிரே. அலுத்துப் போனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அத்தனையையும் துடைத்துவிட்டு வேறு முகம். முதல் ஸ்பிரே இல்லாமல் நேராக எழுதினால் சிவப்பு உள்ளே ஊறிக் கறையாகிவிடும், பிறகு எதற்கும் போகாது. ஒரு பொம்மைக்கு நம் ஊரில் ஒரு மாதச் சம்பளம் ஆகிற அவர்கள் இதைச் சோதித்துச் சோதித்துக் கற்றிருக்கிறார்கள். பரணிலிருந்து இறக்கியதும் எண்ணெய் தடவிய நம் வீட்டுக்காரி செய்ததும் அதே வேலைதான். எண்ணெய் ஏறிய கெட்டி மரத்தில் குங்குமம் ஊறாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது கொலுவுக்காக மரப்பாச்சியை அலங்கரிக்கும் ஆர்வம் மறுபடி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கல்லும் மணியும் சூடான பசையால் ஒட்டப்படுகின்றன, கண் அக்ரிலிக்கில் வரையப்படுகிறது, புடவை கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. மீனாட்சியாக ஒட்டப்பட்ட பொம்மை அடுத்த வருஷம் ஆண்டாளாக முடியாது. கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்ற வழக்கம் பண்ருட்டி மண்பொம்மைக்காரர்களுக்கு வாழ்வு கொடுத்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்பொம்மை உடையும், வெளுக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். மரப்பாச்சிக்கு அந்த விதியைப் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வாங்குகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்காட்சி மேசையில் எண்ணெய் தடவிய பொம்மையும் பி.யூ. அடித்த பொம்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் பளபளப்புக்குத்தான் போகும். விற்கிறவர் கண் போகிற திசையில் செய்து தருகிறார். இதற்கு நடுவே ஒரு வழி உண்டு. சின்னசேலம் பட்டறையில் சொல்லிச் செய்பவர்கள், சீலர் என்ற அடிப்பூச்சு அடிப்பதற்கு முன்னாலேயே பொம்மையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முகத்தை உப்புத்தாளால் நன்றாக இழைத்து, அரக்கு மட்டும் ஏற்றித் தரச் சொல்லலாம். நிறம் தேவை என்றால் அரக்கின்மேல் தண்ணீர் வர்ணம். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், கீழே அரக்கு அப்படியே நிற்கும். ஒரு எச்சரிக்கை: அரக்கின்மேல் ஆல்கஹால் கலந்த மார்க்கர் பேனாவைக் கொண்டுபோகக் கூடாது, பூச்சோடு கலந்து உள்ளே இறங்கிவிடும்.

பூச்சு என்ன என்று வாயைத் திறந்து கேட்கவும் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் பதிவு பெற்ற புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் விலக்கு இருக்கிறது. கைத்தொழிலைக் காப்பாற்றும் நியாயமான விலக்கு. ஆனால் அதனால் பெயின்ட் பற்றிய விசாரணை வாங்குகிறவர் தலையில் விழுகிறது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் மஞ்சளும் சிவப்புமான எனாமலில் ஈயக் குரோமேட் சர்வ சாதாரணம். ஆகவே பரணில் இருக்கும் பழைய எனாமல் பொம்மையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அதைச் சுத்தம் செய்யும் ஆசை வந்தாலும் உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பறக்கும் தூசிதான் ஆபத்து. ஈரத்துணியால் துடைத்துக் கொலுப்படியில் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, விளையாட்டுக்கு வர்ணம் பூசாத சோடி ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். கண்மை வீட்டிலேயே இருக்கும்.