தகரம் போய் பிளாஸ்டிக் வந்த கதை

சின்னமனூர்ப் பக்கம் பழைய வண்டியைத் தூசி தட்டி ஓட்டுற ஆசை இப்ப இளவட்டங்களுக்குக் கூடிப்போச்சு. இஞ்சினைப் பிரிக்க மெக்கானிக் இருக்கார். டேங்குக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் இருக்கு. சைடு பேனலும் டெயில் லேம்ப்பும் வெளுத்துக் கிடந்தாத்தான் எல்லாரும் முழிக்கிறாங்க. நம்ம அப்பாமார்களுக்கு இந்தப் பாடு கிடையாது.

1972-ல வந்த பஜாஜ் சேத்தக்குக்கு உடம்பெல்லாம் இரும்புத் தகடு. நெளிஞ்சா தட்டி, பட்டி வச்சு, பெயிண்ட் அடிச்சா முடிஞ்சது. ஜப்பான்ல அதுக்கு முன்னாடியே ஆட்டம் மாறிடுச்சு. 1958-ல வந்த ஹோண்டா சூப்பர் கப்புக்கு முன் மட்கார்டையும் கால் மறைப்பையும் பிளாஸ்டிக்லயே செஞ்சாங்க. எடை குறைவு, துரு கிடையாது. நம்மூருக்கு அந்தக் காத்து 80-கள்லதான் நல்லா வீசுச்சு. எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து 1985-ல இறக்கின ஆர்எக்ஸ் 100-ல சைடு பேனலே பிளாஸ்டிக்தான். 1996-ல அந்த வண்டி நின்னுபோச்சு. ஆனா மவுசு நிக்கலை.

துருப்பிடிக்காதுங்கிறது உண்மை. ஆனா வெயில் தின்னும். சூரியனோட புற ஊதாக்கதிர் பிளாஸ்டிக்கோட மேல்தோலை அறுத்து மாவு மாதிரி ஆக்கிடும். தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் ஏன் கறுப்பா இருக்குன்னு நகரத்து நண்பர்கள் கேப்பாங்க. அதுல கலந்திருக்கிற கரி, வெயிலை உள்ளே விடாமத் தடுக்கும். கறுப்பு மட்கார்டு நாள்பட உழைக்கிறதும் அதனாலதான்.

தேய்க்கிறதுக்கு முன்னாடி அது என்ன பிளாஸ்டிக்னு தெரிஞ்சுக்கணும். விதைநெல்லை உப்புத்தண்ணியில போட்டுப் பதரைப் பிரிக்கிற வித்தைதான். உடைஞ்ச துணுக்கு ஒண்ணைத் தண்ணியில போடுங்க. பாலிபுரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் முங்கும். முங்கினது வெடிச்சிருந்தா, அதே ஏபிஎஸ் துணுக்கை அசிட்டோன்ல கரைச்சுத் தடவினா ஒட்டிக்கும். மிதந்ததுல அந்தப் பசை நிக்காது, பெயிண்ட்டும் அதுக்குன்னு இருக்கிற பிரைமர் இல்லாம உரிஞ்சு வந்துடும்.

சிவப்பு டெயில் லேம்ப் பெரும்பாலும் அக்ரிலிக். நிறம் உள்ளே வரைக்கும் ஓடுறதால தைரியமாத் தேய்க்கலாம். 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், வரிசையா, தண்ணி ஊத்தி ஊத்தி. கடைசியில ரப்பிங் காம்பவுண்ட். பெட்ரோலைத் தொட்டுத் துடைக்கிற பழக்கம் ஒர்க் ஷாப்புல நிறைய இருக்கு. அக்ரிலிக்ல மயிரிழை வெடிப்பு விடுறது அதுலதான். சோப்புத்தண்ணி போதும். தேங்காயெண்ணெய் தடவுற கூட்டமும் உண்டு. ரெண்டு நாள் பளபளப்பு, மூணாம் நாள் வயக்காட்டுப் புழுதி மொத்தமும் அதுல.

ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு படலம் போகுது, அதை மறந்துடக் கூடாது. எங்க சித்தப்பாவோட ஆர்எக்ஸ்ல டெயில் லேம்ப்பைத் தேய்ச்சுட்டேன், செக்கச்செவேல்னு வந்துச்சு. சைடு பேனலைத் தொடலை. மங்கிப்போயிருந்தாலும் அதுல இருக்கிறது கம்பெனியில ஒட்டின ஸ்டிக்கர். கடையில புதுசா விக்குது, எழுத்து கொஞ்சம் தடிமனா இருக்கு.