அட்டைக்குள் வந்த மெய்நிகர் விளையாட்டு

கணினி உருவாக்கும் முப்பரிமாண உலகம் ஒன்று பார்ப்பவரைச் சூழ்ந்திருப்பது போலவும், அவர் தலையைத் திருப்பும் திசையெல்லாம் அவ்வுலகம் தொடர்வது போலவும் தோன்றச் செய்யும் நுட்பம் மெய்நிகர் உண்மை என்றும், பேச்சுவழக்கில் வி.ஆர். என்றும் குறிக்கப்படுகிறது. இதன் வரலாறு பெரும்பாலும் விலையுயர்ந்த ஆய்வுக்கூடக் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தாலும், இந்நுட்பத்தைப் பல லட்சம் வீடுகளுக்குள் முதன்முதலில் கொண்டு சேர்த்தவை ஓர் அட்டைத்துண்டும், இரண்டு வில்லைகளும், சட்டைப்பையில் ஏற்கெனவே இருந்த ஸ்மார்ட்போனுமே ஆகும்.

இதன் வேர் 19ஆம் நூற்றாண்டில் உள்ளது. மனிதரின் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக்கும்போது ஆழம் புலப்படுகிறது. இவ்வுண்மையை 1838இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன், நிலைக்கண்ணாடிகள் பொருத்திய ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவியின் வாயிலாக மெய்ப்பித்தார். 1849இல் டேவிட் புரூஸ்டர் அதில் கண்ணாடிகளுக்கு மாற்றாக வில்லைகளைப் பொருத்திச் சிறிதாக்கினார். 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டபின் அதன் புகழ் பரவியது. ஆயினும் அக்கருவியை எளியோர் கைக்குக் கொண்டுவந்தவர், பாஸ்டன் நகர மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்றே சொல்ல வேண்டும். 1861இல் அவர் வடிவமைத்த கைப்பிடி ஸ்டீரியோஸ்கோப்புக்கு வேண்டுமென்றே காப்புரிமை பெறாமல் விட்டதால், விரும்பிய எவரும் அதைச் செய்து விற்க முடிந்தது; விலையும் இறங்கியது. பின்னர், 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான வியூ-மாஸ்டர், ஏழு இணைப் படங்கள் கொண்ட வட்டத்தகடுகளால் அதே கொள்கையைச் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாக்கியது.

அசையாப் படங்களின் இடத்தில் கணினிக் காட்சியை வைக்கும் முயற்சி 1968இல் ஐவன் சதர்லேண்டின் தலைமாட்டிக் கருவியுடன் தொடங்கியது. கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட அக்கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறக் கூடியதாக இல்லை. 1980களில் ஜாரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம் விற்ற கருவிகளை வாங்கப் பல ஆயிரம் டாலர் தேவைப்பட்டது. 1995இல் நின்டெண்டோ வெளியிட்ட விர்ச்சுவல் பாய் விலையில் மலிவாக இருந்தபோதிலும், சிவப்பு நிறத்தை மட்டுமே காட்டியதாலும், தலையசைவை உணராததாலும் விரைவிலேயே கைவிடப்பட்டது. நல்ல கருவி எட்டாத விலையிலும் எட்டிய விலையில் கிடைத்தது பயனற்றதாகவும் இருந்த இந்த நிலையை மாற்றியது வி.ஆர். துறையன்று, கைப்பேசித் தொழிலே அதை மாற்றியது. பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் நெருங்கிய சிறு திரைகளும், திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்பும், புவியீர்ப்பின் திசையை அறிய உதவும் முடுக்கமானியும் கோடிக்கணக்கில் உற்பத்தியானபோது அவற்றின் விலை சரிந்தது. ஆக்குலஸ் என்னும் வி.ஆர். நிறுவனம் 2014இல் வெளியிட்ட இரண்டாம் சோதனைக் கருவியே சாம்சங் நோட் 3 கைப்பேசியின் திரையைக் கொண்டிருந்தது என்பது இதற்குப் போதிய சான்று.

கைப்பேசியையே முழுக் கருவியாக்கலாம் என்பதைத் தெளிவாகக் காட்டியது தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மார்க் போலாஸ் குழுவினர் 2012இல் செய்த எஃப்ஓவி2ஜிஓ என்னும் மடிப்புப் பெட்டி ஆகும். அதன் வெட்டு வரைபடங்களை அவர்கள் இலவசமாகவே வெளியிட்டனர். அடுத்து, பாரிஸ் நகரில் உள்ள கூகுள் கலாசார நிறுவனத்தின் பொறியாளர்களான டேவிட் கோஸ், டேமியன் ஆன்ரி ஆகிய இருவரும், பணிநேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த முயற்சிகளுக்குச் செலவிட நிறுவனம் அளித்த வாய்ப்பைப் பயன்படுத்தி, கார்ட்போர்டு என்ற அட்டைக் கருவியை உருவாக்கினர். 2014 ஜூனில் நடந்த கூகுளின் ஆண்டு மாநாட்டில் வந்திருந்தவர்கள் கையில் அது கொடுக்கப்பட்டது.

அக்கருவியின் அமைப்பு நின்று பார்க்கத் தக்கது. வெட்டிய அட்டை, சில சென்டிமீட்டர் குவியத் தொலைவு கொண்ட இரு வில்லைகள், வெல்க்ரோ பட்டைகள், ஒரு ரப்பர் வளையம், இரண்டு காந்தங்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். கைப்பேசி பெட்டிக்குள் மூடப்பட்ட பிறகு திரையைத் தொட இயலாது என்பதால், பக்கச்சுவரின் வெளியே ஒரு வளையக் காந்தமும், உட்புறத்தில் அதை ஈர்த்து நிறுத்தும் மற்றொரு காந்தமும் வைக்கப்பட்டன. விளையாடுபவர் விரலால் வெளிக்காந்தத்தைக் கீழே இழுத்து விட்டதும் அது தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த நொடியில் மாறும் காந்தப்புலத்தை, திசைகாட்டிக்காகக் கைப்பேசியில் உள்ள காந்தமானி உணர்ந்து, பொத்தான் அழுத்தப்பட்டதாகக் கொள்ளும். மின்சுற்றோ கம்பியோ இல்லாத இப்பொத்தான் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. ஆனால் எல்லாக் கைப்பேசிகளிலும் அது ஒன்றுபோல் இயங்காததால், 2015இல் வந்த இரண்டாம் வடிவத்தில் திரையை நேரடியாகத் தொடும் நெம்புகோல் அதன் இடத்தைப் பிடித்தது. 6 அங்குலம் வரையிலான கைப்பேசிகளும் அவ்வடிவத்தில் அடங்கின.

மலிவான வில்லை விளைவிக்கும் குறையை மென்பொருளே ஈடுசெய்தது. இத்தகைய வில்லை காட்சியின் ஓரங்களை வெளிப்புறமாக இழுத்து வளைக்கும்; எனவே படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் பீப்பாய்போல் வளைத்துத் திரையில் இட்டால், வில்லையின் வழியே பார்க்கையில் கோடுகள் நேராகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடப்பட்ட கியூஆர் குறியீடு அதன் வில்லை அளவுகளைச் செயலிக்குத் தெரிவித்ததால், பலரும் பல விதமாகச் செய்து விற்ற பெட்டிகளும் ஒரே விளையாட்டுக்குப் பொருந்தின. கருவியின் வெட்டு வரைபடங்களைக் கூகுள் பொதுவில் வைத்ததன் பயன் இதுவே.

2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், போரால் இடம்பெயர்ந்த மூன்று குழந்தைகளைப் பற்றிய மெய்நிகர் படத்துடன், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைக் கருவிகளைச் சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பியது. அதே ஆண்டு மேட்டல் நிறுவனம் பழைய வியூ-மாஸ்டரைக் கைப்பேசி பொருந்தும் வடிவில் 30 டாலருக்கு மீண்டும் வெளியிட்டது. 2017க்குள் ஒரு கோடி கார்ட்போர்டு கருவிகள் உலகெங்கும் சென்றிருந்தன.

விளையாட்டுகள் இக்கருவியின் எல்லைகளை ஏற்றுக்கொண்டு பிறந்தன. கையில் கட்டுப்படுத்தி இல்லாததால், பார்வையை ஒரு பொருளின்மீது சில நொடி நிறுத்துவதே தேர்வாகக் கொள்ளப்பட்டது. புரோட்டான் பல்ஸ் விளையாட்டில் பந்தைத் திருப்பி அடிக்கும் பலகை தலையசைவாலேயே நகர்ந்தது. கைப்பேசியைப் பொருத்திப் பயன்படுத்தும் சாம்சங்கின் கியர் வி.ஆர். கருவிக்கு வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' விளையாட்டில் ஒருவர் மட்டும் கருவியை அணிந்து வெடிகுண்டைக் காண, மற்றவர்கள் அச்சிட்ட கையேட்டைப் பார்த்து வழிசொல்வதால், ஒரே கருவி ஓர் அறை நிறைய ஆட்களுக்குப் போதுமானதாயிற்று. டிரைனஸ், விரிட்ஜ் போன்ற மென்பொருள்கள் கணினி விளையாட்டுகளைக் கைப்பேசித் திரைக்கு அனுப்பி, அதிகச் செலவின்றி அவற்றைச் சுவைக்க வழிசெய்தன.

எனினும் கைப்பேசியின் உணரிகள் தலை திரும்புவதை மட்டுமே கண்டறிந்தன. குனிவதையும் முன்னே நகர்வதையும் அவை அறியவில்லை. காட்சி சற்றே பின்தங்கினாலும் தலைசுற்றல் உண்டானது; கைப்பேசி சூடேறியது, மின்கலமும் விரைவில் தீர்ந்தது. கியர் வி.ஆர். தன் கருவிக்குள்ளேயே தனி உணரிகளை வைத்து, காட்சி பின்தங்கும் குறையைக் குறைத்தது. ஆனால் அது சாம்சங்கின் சில கைப்பேசிகளுக்கு மட்டுமே உரியது. 2016இல் 79 டாலருக்கு வந்த கூகுளின் டேடிரீம் கருவியும் 2019இல் நிறுத்தப்பட்டது. விளையாடும் நேரம் முழுவதும் கைப்பேசியின் மற்றப் பயன்களை இழக்க வேண்டியிருந்ததே பெருந்தடை என அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கைப்பேசி தேவைப்படாத ஆக்குலஸ் கோ 2018இல் 199 டாலருக்கு வந்தபின் வாங்குவோரின் நாட்டம் அப்பக்கம் திரும்பியது.

கார்ட்போர்டின் விற்பனையைக் கூகுள் 2021 மார்ச்சில் முடித்துக்கொண்டது. ஆனால் அதன் நிரல் 2019 நவம்பரிலேயே திறந்த மூலமாக, அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிடப்பட்டுவிட்டதால், விற்பனை நின்றபோது நுட்பம் அழியவில்லை. ஹோம்ஸ் காப்புரிமையைத் துறந்ததும் கார்ட்போர்டின் வரைபடங்களைக் கூகுள் திறந்து வைத்ததும் ஒரே பலனையே தந்தன. இன்று புதிதாக முயல்வோர் முதலில் பார்க்க வேண்டியது அட்டைப் பெட்டியின் விலை அன்று, தம் கைப்பேசியில் ஜைரோஸ்கோப் உள்ளதா என்பதே ஆகும். விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் அது இருப்பதில்லை, அது இல்லையெனில் தலையைத் திருப்பினாலும் காட்சி ஒழுங்காகத் திரும்பாது. அது உள்ளவர்கள், அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கியோ தாமே வெட்டி ஒட்டியோ, சுழலும் நாற்காலியில் அமர்ந்து சிறிது சிறிது நேரமாக ஆடிப் பார்க்கலாம்; தலை சுற்றினால் உடனே கழற்றிவிட வேண்டும்.